அம்மாவுக்குச் சோதனை, மகளுக்கு ஊசி

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் களை எடுத்தவங்களுக்குத் தெரியும். முளைவிட்ட வாரத்தில் பார்த்தால் விரலால் கிள்ளிப் போடலாம். மழை பெய்து காடு சேறானால் உள்ளே காலே வைக்க முடியாது. நம்ம உடம்பில் இந்த முதல் களையெடுப்பைச் செய்வது நோய் எதிர்ப்பு செல்கள்.

அநேகமாக ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களின் துண்டுகளை வெளியே நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்கும், கேட்ட இடத்தில் ஆதார் காட்டுற மாதிரி. அந்நியத் துண்டு தென்பட்டால் 'டி செல்' அந்தச் செல்லை அழித்துவிடும். சில கெட்டிக்காரச் செல்கள் அட்டையையே ஒளித்துவைக்கும். அவற்றைப் பிடிக்க 'என்.கே. செல்' என்று இன்னொரு வகை உண்டு.

கருப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். அநேகமாக எல்லாமே எச்.பி.வி. வைரஸால் வருவது. தொற்றியவர்களில் 10-க்கு 9 பேரின் உடம்பு 2 ஆண்டுக்குள் தானாகவே அதை விரட்டிவிடுகிறது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மீதிப் பேரிடம்தான் சிக்கல். இந்த வைரஸ் ரத்தத்தில் கலப்பதில்லை, காய்ச்சல் தருவதில்லை. சத்தம் போடாத திருடன். அதனால் காவல் அசந்துபோகிறது. தங்கிவிட்ட தொற்று புற்றாக மாற வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை எடுக்காதவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளே போதும்.

அந்த ஆண்டுகள்தான் நமக்கு அவகாசம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் ஒரு ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயதுப் பெண்களை, பயிற்சி பெற்ற நர்சுகளே சோதித்தார்கள். பெரிய மெஷின் எதுவும் இல்லைங்க. வினிகர் போன்ற நீர்த்த அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி 1 நிமிடம் பொறுத்தால், மாற்றம் கண்ட இடம் வெள்ளையாகத் தெரியும். ஒரே ஒருமுறை சோதித்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் தந்ததில், இந்தப் புற்றால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு இது.

அதே வி.ஐ.ஏ. பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு இலவசம். தீப்பெட்டி ஆபீசுக்குப் போற அக்காமார் "அரைநாள் கூலி போயிருமே" என்பீங்க. நியாயம்தான். ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் 'எதிர்ப்பு சக்தி கஷாயம்' இந்த வைரஸைத் தேடிப் பிடிக்காதுக்கா.

9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. வைரஸ் வரும் முன்பே அதன் அடையாளத்தை எதிர்ப்பு செல்களுக்குச் சொல்லிவைக்கும் ஊசி அது. ஏற்கெனவே தங்கிய வைரஸை விரட்டாது. அதனால் அம்மாவுக்குச் சோதனைதான்.

மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துப் போங்க. சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் போட்டுக் கேளுங்க.