தரங்கம்பாடி: கோட்டையும் அச்சும்

பூம்புகாருக்குத் தெற்கே, காரைக்காலுக்கு வடக்கே, பொறையாற்றுக் கடைவீதியைத் தாண்டிக் கிழக்கு நோக்கித் திரும்பினால், 1792-இல் எழுப்பிய ஒரு வெள்ளை வாயில் எதிர்ப்படும். டென்மார்க்கு அரசரின் முத்திரையைத் தாங்கி நிற்கும் அந்த வாயிலுக்குள் நுழைந்ததும் தொடங்கும் ராஜ வீதி, இரு மருங்கிலும் தூண் வைத்த பழைய மாளிகைகளும் தேவாலயங்களும் நிற்க, வளையாமல் நேரே சமுத்திரக் கரைக்குச் சென்று முடிகிறது. ஆற அமர நடந்தாலும் கால்மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய இவ்வூர்தான் தரங்கம்பாடி.

இங்கே விஜயம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் கோட்டையைப் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், மணலில் குழந்தைகளை ஓடவிட்டுவிட்டுப் பொழுது சாயுமுன் பஸ் ஏறிவிடுவார்கள். இந்தக் கரையில் ஓசோன் காற்று மிகுதி என்று ஒரு பேச்சு உண்டு; அந்தக் கணக்கை நான் விஞ்ஞானிகளிடம் விட்டுவிடுகிறேன். காற்று சுகமாக இருக்கிறது என்பதற்கு நான் சாட்சி சொல்லலாம். ஆனால் கோட்டையிலிருந்து ஊரைப் பார்க்கத் தொடங்குவது நடுக்கதையிலிருந்து புராணம் கேட்பதாகும். முதலில் கரையோரமாகச் சென்று மாசிலாமணிநாதர் ஆலயத்தைப் பார்க்க வேண்டும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல், தோன்றிய அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. எஞ்சிய கருவறையின் வாசலில் நின்று பார்த்தால்தான், டேனியர் வந்து இறங்கியது ஏதோ வெறும் மணல்திட்டில் அன்று, ஏற்கெனவே முந்நூறு ஆண்டுச் சரித்திரமுடைய ஒரு துறைமுகத்தில் என்பது விளங்கும். ஆகவே இதனை டேனிஷ் நகரம் என்று மட்டும் சொல்லிவிடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

டேனியர் வந்த விதமே விசித்திரமானது. டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்தியான் அனுப்பிய கப்பற்படை முதலில் நாடிச் சென்றது இலங்கையை. கண்டி அரசரோடு எண்ணிய உடன்படிக்கை அங்கே கைகூடவில்லை. இதற்கிடையே முன்னதாக வந்த ஒரு கப்பல் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியரால் தாக்கப்பட, அதில் தப்பிப் பிழைத்த ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சை நாயக்கரின் சபையை அடைந்தார். மிளகு தேடி வந்தவர்களுக்கு ஒரு துறைமுகம் வேண்டியிருந்தது. ரகுநாத நாயக்கருக்கோ நாகப்பட்டினத்துப் போர்த்துக்கீசியருக்கு எதிரே இன்னொரு வர்த்தகக் கூட்டம் இருப்பது அனுகூலமாக இருந்திருக்கும். 1620 நவம்பரில் ஓவே கெட்டே என்ற இளம் தளபதி நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். நாயக்கர் டென்மார்க்கு மன்னருக்குப் பொன் ஓலையில் வரைந்த கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. வாசகம் தமிழ், கையொப்பம் தெலுங்கு. கோட்டையும் எழுந்தது. டேன்ஸ்போர்க் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

மிளகுக்காகக் கட்டிய கோட்டையில் இப்போது மிளகின் வாசனைகூட இல்லை. அந்த ஊரிலிருந்து தமிழுலகத்துக்கு நிலையாக வந்து சேர்ந்தது வேறொன்று. அதைக் கொண்டுவந்தவரைக் கோட்டை அதிகாரிகள் விரும்பி வரவேற்கவும் இல்லை. 1706 ஜூலையில், டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கால் சமயப் பிரசாரத்துக்கென்று அனுப்பப்பெற்று, பர்த்தலோமேயு சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞர் தம் தோழர் புளூச்சோவுடன் இக்கரையில் இறங்கினார். அவருக்கு வயது அப்போது இருபத்து நான்குகூட நிரம்பவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்து வயோதிக உபாத்தியாயர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதக் கற்றார். சில ஆண்டுகளுக்குள் தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேகரித்து, அவற்றுக்கு ஒரு விவர அட்டவணையும் வகுத்துவிட்டார். இடையில், 1708-இல், அப்போதைய கோட்டைத் தளபதிக்கும் அவருக்கும் மூண்ட பிணக்கின் காரணமாக அதே கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தார்.

தமிழில் முதல் நூலை அச்சிட்டவர் அவரே என்று சிலர் சொல்வது சரியன்று. 1578-லேயே கொல்லத்தில் தமிழ் அச்சேறிவிட்டது. ஆயினும் அந்தப் பழைய முயற்சிகள் ஓய்ந்துபோன பின்னர், லண்டன் நண்பர்கள் அனுப்பிய இயந்திரமும் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த எழுத்துக்களும் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்து, 1714-15-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாயிற்று. ஹாலே எழுத்துக்கள் உருவத்தில் பெரியவை; காகிதமோ அருமை. எனவே சீமையிலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி, சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள் என்று சொல்வதுண்டு. காகிதத்துக்கும் பொறையாற்றிலே ஓர் ஆலை வைத்துப் பார்த்தார்கள்.

நம் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு விரிவாக எழுதிய நூலை ஹாலேயிலிருந்த பெரியவர்கள் அச்சிட மறுத்தார்கள். புறச்சமயத்தை ஒழிக்கப் போனவர் அதைப் பரப்புவதா என்பது அவர்கள் கேள்வி. அந்நூல் 1867-இல்தான் சென்னையில் வெளிவந்தது. தம் மதமே மெய் என்பதில் சீகன்பால்குக்கு ஐயம் இருந்ததில்லை. எனினும் எதிர்க்கட்சியை இத்தனை பொறுமையோடு கேட்டு எழுதிவைத்த பிரசாரகர்கள் எத்தனை பேர்? ராஜ வீதியில் 1718-இல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தினுள், பீடத்தின் முன்னே, முப்பத்தாறு வயதில் மறைந்த அவருடைய கல்லறை இருக்கிறது. அதே வீதியிலுள்ள சீயோன் ஆலயம் அதற்கும் முந்தியது. 1701-இல் டேனியர் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது.

கோயில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசலின் பாங்கும் ஒருங்கே கேட்கும் ஊர் என்று இதனைப் புகழ்வது எளிது; கேட்பதும் உண்மைதான். ஆயினும் அக்காலத்து மக்கள் அருகருகே வாழ்ந்ததற்குப் பெருங்காரணம் வியாபாரமே தவிரப் பெருந்தன்மை அன்று என்று கருதுகிறேன். ஒரே வேதத்தை ஏற்ற கிறிஸ்தவர்கள்கூடப் புதிய எருசலேம் ஆலயத்தினுள் சாதிவாரியாகத் தனித்தனி இடங்களில் அமர்ந்தார்கள். அந்த ஆலயச் சபையிலிருந்தே 1733-இல் ஆரோன் என்ற தமிழர் குருவாக அபிஷேகம் பெற்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1845-இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். 1861-இல் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. வர்த்தகமும் அதன் பின்னே போயிற்று. பிற்பாடு மாயவரத்திலிருந்து இவ்வூருக்கும் ஒரு ரயில் வந்தது, அதுவும் நின்றுவிட்டது. இப்போது பஸ்தான் கதி.

போகிறவர்கள் விடியற்காலையில் போய்ச் சேருங்கள். கோட்டைக் கதவு திறக்கும்வரை கரையில் வலை உதறுகிறவர்களோடு பேசிக்கொண்டிருக்கலாம். அன்றைய மீன் விலையிலிருந்து 2004-ஆம் ஆண்டு மார்கழி மாதத்து ஆழிப்பேரலை வரை அவர்களுக்குச் சொல்ல நிறைய உண்டு. கோட்டைக் காட்சிச் சாலையில் அவற்றை எழுதி வைத்திருக்கமாட்டார்கள்.