புரையும் மடலும்: மருத்துவ அறையில் இடக்கரடக்கல்



தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார் நன்னூலார். அவற்றுள் முதலதும் இறுதியதும் ஓர் அறையில் எதிரெதிரே அமர்ந்தால் என்ன நேரும் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் கண்ணாரக் கண்டோம்.

எம் உறவினர் மகன் ஒருவர், இருபத்திரண்டு வயதினர், "உட்காரும் இடத்தில் வலி" என்று மட்டுமே வீட்டில் சொல்லி வந்தார். அதை மூலம் என்று கொண்ட வீட்டார் எட்டு மாதம் கைம்மருந்து செய்தனர். சீழ் ஆடையை நனைத்த பின்னரே மருத்துவரிடம் சென்றனர். அவரோ 'பைலோனைடல் சைனஸ்' என்றார். "மூக்கில் வரும் நோய் அங்கே எப்படி வந்தது?" என்று தாயார் எம்மிடம் வினவினார்.

அவர் வினாவில் பிழையில்லை. 'சைனஸ்' என்பது இங்கே மூக்கடைப்பின் பெயராகிவிட்டது. மருத்துவத்தில் அது உள்ளே ஓடும் பொந்து. அதற்குத் தமிழில் 'புரை' உண்டு. புரையோடிய புண் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதனையே. 'பைலோனைடல்' என்பதை 1880இல் ஹாட்ஜஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் படைத்தார். இலத்தீனில் பைலஸ் மயிர், நைடஸ் கூடு. பிட்டங்களுக்கு இடைப்பட்ட பிளவில் உதிர்ந்த மயிர் உராய்வினால் தோலைத் துளைத்து உட்புக, உடல் அதனை அயற்பொருளாகக் கொண்டு சீழ் கட்டுகிறது. மயிரடர்ந்த, நெடுநேரம் அமர்ந்திருக்கும் இளைஞரிடம் இது மிகுதி. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரரிடையே பெருகியதால் 'ஜீப் நோய்' என்றும் பெயர் பெற்றது.

மானம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் கூசாது ஆண்ட 'மயிர்' இன்று வசைச்சொல்லாயிற்று. 'முடிக்கூட்டுப் புரை' என்பதில் எமக்குத் தடையில்லை.

சிக்கல் பெயரோடு முடியவில்லை. புரையை அகழ்ந்து நடுக்கோட்டிலேயே தைத்தால், தழும்பு அதே ஆழ்ந்த, ஈரமான பள்ளத்தில் கிடக்கும்; மயிர் மீண்டும் புகும். தைக்காமல் விட்டால் ஆறுவதற்கு வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். ஆகவேதான் மடல் அறுவை. லெனின்கிராடு மருத்துவர் லிம்பெர்க் 1946இல் வகுத்த வடிவியல் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. 60, 120 பாகைக் கோணங்களுடைய சாய்சதுரமாக நோயுற்ற பகுதியை நீக்குவர். அருகிலிருந்து தோலும் கொழுப்பும் சேர்ந்த பகுதியை ஒரு பக்கம் அறுக்காமல் விட்டு, திருப்பிக் குழியில் பொருத்துவர். பள்ளம் மட்டமாகும். கிரேக்கப் படைமருத்துவர் கரிடாக்கிஸ் தழும்பையே நடுக்கோட்டிலிருந்து ஒதுக்கினார். 7,000க்கும் மேற்பட்டோருள் மீள்வு 1 விழுக்காட்டளவே என்று 1992இல் எழுதினார். பிறர் கணக்குகள் சற்றுக் கூடுதலாகவே உள்ளன. தையல் பிரிதல், தொற்று, உணர்வு மரத்தல் ஆகியவையும் நேரலாம்.

இளைஞருக்கு இதை விளக்கியவர் 'தோல் ஒட்டு அறுவை' என்று சொல்லிவிட்டார். தொடையிலிருந்து தோலை உரித்தெடுப்பார்கள் என அஞ்சி அவர் ஒப்பமிட மறுத்தார். ஒட்டு வேறு, மடல் வேறு என்பதைத் தமிழ் எப்போதோ அறிந்திருக்கிறது! ஒட்டுமாங்கன்றில் கிளையை அறுத்தெடுத்து வேறோர் அடிமரத்தில் பொருத்துகிறோம். தாழை மடலும் காது மடலும் அடியில் ஒட்டிக்கொண்டே விரிந்து மடங்குவன. அறுவையிலும் அப்படியே: அடி அறாததால் குருதியோட்டம் அறாது, அதனால்தான் மடல் உயிரோடிருக்கிறது. இது சொல்லழகு பற்றிய வாதமன்று. ஒருவர் எதற்கு இசைகிறார் என்பது பற்றியது.

ஒரு தாளை மூன்று பக்கம் கிழித்து, நான்காம் பக்கத்தில் மடக்கிக் காட்டினோம். "அப்படியானால் அது பக்கத்திலிருக்கும் என் தோல்தானே, முழுதாகப் பிய்த்தெடுக்க மாட்டார்கள்தானே?" என்று கேட்டுவிட்டு ஒப்பமிட்டார். புண் ஆறிவிட்டது. முடியை அவ்வப்போது மழிக்கச் சொல்லியிருக்கிறார்கள், செய்கிறார். தாயாரிடம் பேசும்போது மட்டும் அது இன்றும் 'உட்காரும் இடம்'தான்.