அயலார் ஏடும் ஆசிரியர் கடமையும்



தம் வாழ்நாள் முழுவதையும் வகுப்பறைக்கே அர்ப்பணித்த ஓர் ஆசிரியரின் நினைவாக நிகழும் இச்சொற்பொழிவில், உலகக் குடிமைப் பண்பை மாணாக்கரிடத்து வளர்க்கும் வகையைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இத்தகைய பொருள் வாய்த்தால், ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்று பாடிய பூங்குன்றனாரை வணங்கி, மானிட ஒருமையை வாயார வாழ்த்தி அமைவது நம் மேடை மரபு. ஆயினும் வாழ்த்துரையால் குணம் வளர்வதில்லை. அதற்கு அப்பியாசம் வேண்டும். அவ்வப்பியாசத்துக்கு மிக ஏற்ற இடம் சரித்திர வகுப்பே என்பது என் துணிபு. ஏனெனில், கண்ணாற் கண்டிராத அயல்நாட்டான்மீது ஒரு சிறுவன் கொள்ளும் துவேஷம் பெரும்பாலும் அங்கேதான் வித்தூன்றப்படுகிறது.

1870, 1914, 1939 என மும்முறை போரிட்ட பிரான்ஸும் ஜெர்மனியும் இதற்குச் சான்று. ஒருவர் பாட ஏட்டில் மற்றவரே என்றும் குற்றவாளி. இந்நிலையை மாற்ற விழைந்த இருநாட்டு வரலாற்றறிஞர் 1935-இல் பாரிஸில் கூடி வகுத்த முடிவுகள் நாட்சி ஆட்சியில் பயன்படாது போயின. ஆனால் போர் முடிந்தபின், பிரௌன்ஷ்வைக் நகர ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சரித்திரம் போதித்த கியோர்க் எக்கர்ட் பாடநூல் திருத்தத்துக்கென ஒரு நிலையத்தைத் தோற்றுவித்த 1951-ஆம் ஆண்டிலேயே, பிரெஞ்சு அறிஞர் ரெனூவானும் ஜெர்மானிய அறிஞர் ரிட்டரும் உள்ளிட்டோர் மீண்டும் கூடி நாற்பது முடிவுகளை ஒப்புக்கொண்டனர். 1914-இல் எந்த அரசும் எந்த மக்களும் ஐரோப்பியப் பெரும்போரை மனமார விரும்பினர் என்று கூற ஆவணங்கள் இடந்தரவில்லை என்பது அவற்றுள் ஒன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பத்தாண்டு கழித்து, 1961-இல், ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்னும் ஜெர்மானியரே ஆவணங்களைத் துருவி ஆராய்ந்து, அப்போரில் தம் நாட்டின் பொறுப்பு பெரிது என்று நூல் எழுதி, அவ்விணக்க முடிவை அசைத்தார். சமரசம் சத்தியத்துக்கு மாற்றாகாது. இரு தரப்பும் சமமாகவே குற்றமற்றவை என்று முடித்துவிடும் ஆசிரியர், அன்பின் பெயரால் சோம்பலையே கற்பிக்கிறார்.

பகை தணியாத நிலத்திலும் இம்முயற்சி நிகழ்ந்துள்ளது. இஸ்ரேலியரான டான் பார்-ஓனும் பாலஸ்தீனியரான சமி அத்வானும் இருதரப்பு ஆசிரியர்களைக் கூட்டி ஆக்கிய பாட ஏடுகளில், ஒருவர் விடுதலைப் போர் என்றும் மற்றவர் பேரழிவு என்றும் கூறும் 1948 முதலிய நிகழ்ச்சிகள் இரு பத்திகளாக அருகருகே அச்சிடப்பட்டன. நடுவில் மாணாக்கர் தாமே எழுதுவதற்கு வெற்றிடம் விடப்பட்டது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. ராஜேந்திர சோழன் ஈழத்தரசர் முடியைக் கைக்கொண்டதை மெய்க்கீர்த்தி வெற்றியாகப் போற்ற, அதே படையெடுப்பில் பௌத்த விகாரங்கள் சூறையாடப்பட்டதை இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் வேதனையோடு கூறுகிறது. இரண்டையும் ஒருசேர மாணாக்கர்முன் வைத்து, ஒவ்வொன்றும் யாருக்காக எழுதப்பட்டது, எதைச் சொல்கிறது, எதை விடுகிறது, இரண்டும் ஒத்துக்கொள்ளும் செய்தி யாது என்று வினவுங்கள். பின்னர், அனுராதபுரத்துப் பிக்கு ஒருவர் கேட்டால் ‘ஆம், எங்கள் பக்கம் இதுவே’ என்று ஒப்புக்கொள்ளும் வண்ணம் அத்தரப்பை எடுத்துரைக்குமாறு ஒரு மாணவனைப் பணியுங்கள். இதனால் சோழர்பால் அவன் கொண்ட பெருமிதம் குன்றிவிடுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. கோயிலெழுப்பிய கையே கொள்ளையும் அடித்தது என்றறிந்தபின்னும் எஞ்சும் பெருமிதமே அறிவுடையோர்க்குரியது.

இப்பயிற்சிக்குப் புதிய பாடத்திட்டமோ, தனிப் பாடவேளையோ, அரசாணையோ வேண்டா. வேண்டுவது, தம் பாடநூலைத் தாமே முதலில் ஐயுற்று நோக்கும் துணிவுள்ள ஆசிரியர். அவரிடம் பயின்றவன் நாளை பத்திரிகையாசிரியனாயினும் சட்டமன்ற உறுப்பினனாயினும், ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்கக் கூசுவான். உலகக் குடிமகனுக்குரிய முதல் இலக்கணம் அக்கூச்சமே.