உழைக்கும் உடலும் உளையும் உள்ளமும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நமது சங்கம் நம் பிள்ளைகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்து வந்துள்ளது. அந்தப் பணியின் பெருமையை நமக்கு முன்னர்ப் பேசிய அறிஞர்கள் விரிவாக எடுத்துரைத்தனர். நமக்கு அளிக்கப்பட்ட பொருள் வேறு. சிலம்பம் முதலிய தற்காப்புக் கலைகளாலும், உடலை நீட்டி மடக்கிச் செய்யும் பயிற்சிகளாலும் மன உளைச்சலைத் தணித்துக் கொள்வது எவ்வாறு என்பதே அது.

இப்பொருளைக் கேட்டதும் பெரியவர்கள் சிலர் முகத்தில் புன்னகை தோன்றுவதைக் காண்கிறோம். "விடிந்தது முதல் பொழுது சாயும் வரை உடம்பை முறித்து வேலை செய்கிறவனுக்கு உடற்பயிற்சி எதற்கு? அது உட்கார்ந்து உண்பவர்க்கு உரியதல்லவா?" என்பது அந்தப் புன்னகையின் பொருள். நியாயமான வினாதான். ஆகவே அதற்கு முதலில் விடை கூறுவோம்.

நம் புதுக்கோட்டை மாவட்டம் வானம் பார்த்த பூமி. நம்மவரில் பலர் செங்கல் சூளையிலும் கல் குவாரியிலும் பிறர் வயலிலும் உழைத்து உண்பவர்கள். நாற்று நடும் தாய் நாள் முழுதும் குனிந்தே நிற்கிறாள். சூளையில் கல் சுமப்பவளின் கழுத்து ஒரே பாரத்தை ஆயிரம் முறை தாங்குகிறது. சம்மட்டி பிடிப்பவனின் ஒரு தோள் மட்டும் தேய்கிறது. வேலையானது உடலின் சில பகுதிகளையே ஓயாது வருத்துகிறது. பிற பகுதிகளை இறுகிப்போக விட்டுவிடுகிறது. அன்றியும், எப்போது தொடங்குவது, எவ்வளவு விரைவாகச் செய்வது, எப்போது நிறுத்துவது என்பவற்றையெல்லாம் பிறர் முடிவு செய்கின்றனர். அங்கே உடல் நம்முடையது; ஆணை பிறருடையது.

பயிற்சியில் நிலை வேறு. நாமே தொடங்குகிறோம்; நாமே நிறுத்துகிறோம். குனிந்த முதுகைப் பின்னோக்கி நிமிர்த்துகிறோம். சுமந்த கழுத்தை மெல்லச் சாய்த்து இளக்குகிறோம். ஒரு நாளில் அரைமணி நேரமாவது உடல் தன் உரிமையாளரின் சொல்லைக் கேட்டு இயங்குகிறது. 'சுவரை வைத்துத்தான் சித்திரம்' என்பர். நம் முன்னோரின் சுவரிலே நெடுங்காலம் பிறரே சித்திரம் எழுதிக் கொண்டனர். நம் சுவரை நமக்காகப் பேணும் காலம் வந்துவிட்டது.

இனி, மன உளைச்சல் என்பது யாது? அதனை வெறும் மனத்தின் குறை என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அச்சமும் சினமும் தோன்றும்போது உடலில் நிகழும் மாற்றங்களை விளக்கினார். இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு மேலெழுகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, அட்ரினலின் என்னும் சுரப்புநீர் குருதியில் கலக்கிறது. எதிர்த்து நிற்பதற்கோ ஓடித் தப்புவதற்கோ உடல் இவ்வாறு ஆயத்தமாகிறது. 1936இல் ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர், இத்தகைய நெருக்கடி நீடித்தால் உடல் படிப்படியாகத் தளர்ந்து நோய்வாய்ப்படும் என்பதை எடுத்துக் காட்டினார்.

இதனை நம் வாழ்வில் பொருத்திப் பாருங்கள். ஊர்க் கடைத்தெருவில் ஓர் இளைஞனைச் சாதிப் பெயர் சொல்லி ஒருவர் அழைக்கிறார். அந்நொடியே அவன் உடல் முழுதும் ஆயத்தமாகிவிடுகிறது. ஆனால் அடிக்கவும் இயலாது, ஓடவும் இயலாது. கை இறுகுகிறது; பல் கடிபடுகிறது; அவன் அதை விழுங்கிவிட்டு வீடு திரும்புகிறான். எழுந்த வேகம் செலவாகாமல் உள்ளேயே நிற்கிறது. இரவில் உறக்கம் வரவில்லை. மறுநாள் பாடம் ஏறவில்லை. வீட்டிலே தாயிடம் எரிந்து விழுகிறான். தேர்வு அச்சமும், வேலை கிடைக்காத ஏக்கமும், கடன் கவலையும் இதே வேலையைத்தான் செய்கின்றன. பலர் இதற்கு மருந்தென்று மதுக்கடையை நாடுகின்றனர். அந்த மருந்து எத்தனை குடும்பங்களைக் குடித்திருக்கிறது என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

இங்கே ஒன்றை அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். 2022 டிசம்பரில், நம் மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அச்செய்தியைப் படித்த நம்மவர் எவர்க்கேனும் அன்று உணவு இறங்கியிருக்குமா? அத்தகைய கொடுமைக்குச் சிலம்பம் மருந்தாகாது, மூச்சுப்பயிற்சி விடையாகாது. அநீதிக்கு விடை 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் போன்ற சட்டங்களும், கல்வியும், ஒற்றுமையுமே ஆகும். "அமைதியாயிரு, மூச்சை இழுத்துவிடு" என்று துன்புற்றவனுக்கு மட்டும் உபதேசம் செய்பவர் நம் நண்பரல்லர்.

ஆயினும் வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். மனு எழுதவேண்டும், நீதிமன்றப் படி ஏறவேண்டும், இடையிலே படிக்கவும் பிழைக்கவும் வேண்டும். இவற்றையெல்லாம் தாங்குவதற்கு உறங்கி எழுந்த உடலும் தடுமாறாத மனமும் தேவை. அண்ணல் அம்பேத்கர் அரசியல் சட்டத்தை உருவாக்கிய நாட்களிலேயே நீரிழிவு முதலிய நோய்களால் வருந்தினார். ஓய்வின்றி உழைத்த அப்பெருமகனார் 1956 டிசம்பர் 6ஆம் நாள், 65ஆம் வயதில் மறைந்தார். இன்னும் பத்தாண்டு அவர் நம்மோடு இருந்திருந்தால் என்று ஏங்காதவர் நம்மில் யார்? தலைவர்களின் அறிவைப் போற்றும் நாம், அறிவைத் தாங்கும் உடலைப் பேணவும் கற்க வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் 1981இல் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006ஆம் ஆண்டு தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பின்னர்ப் பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. உலகத்தின் முன்னே ஒரு பெண்ணுக்கு இதனினும் பெரிய அவமானம் நேர முடியுமா? அவர் பெருந்துயரில் ஆழ்ந்தார். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. மீண்டும் ஓடுகளத்திற்கு வந்தார். நம் பகுதிப் பிள்ளைகளுக்கு ஓட்டப்பயிற்சி அளித்தார். முறைப்படி பயிற்சியாளர் கல்வி கற்றுப் பயிற்சியாளரானார். பறிக்கப்பட்ட பதக்கம் அவர் கைக்குத் திரும்பவில்லை. ஆனால் அவரது காலையும் அவர் கற்ற கலையையும் எவராலும் பறிக்க இயலவில்லை.

கலை என்றதும் நம் சிலம்பத்திற்கு வருவோம். திருவிழாவில் பறையொலிக்கு ஏற்பக் கம்பு சுழல்வதைக் கண்டிராதவர் நம்மில் இரார். பார்ப்பவர் கண் கம்பைத் தொடரும்; ஆசான் கண்ணோ காலைத்தான் பார்க்கும். சிலம்பத்தில் முதற்பாடம் காலடி. கால் சரியாக விழுந்த பின்னரே கையில் கம்பு. பிறகு வீச்சு, குத்து, தடுப்பு என்று படிப்படியாக வளரும். குத்துவரிசை என்னும் வெறுங்கை வரிசையும் உண்டு. கம்பு சுழலும்போது மனம் வேறெங்கும் போக இயலாது. நேற்றைய வசவை நினைத்தால் இன்றைய கம்பு முழங்காலைத் தட்டும். மூச்சும் அடியும் ஒரே தாளத்தில் சேர்கின்றன. உள்ளே தேங்கிய வேகம் யாரையும் புண்படுத்தாமல் வெளியேறுகிறது. இணை சேர்ந்து பயிலும்போது, எதிர்வரும் வீச்சைக் கண்டு பதறாமல் தடுக்கும் பழக்கம் வருகிறது. பதறாமை என்னும் அப்பழக்கம் களத்தோடு நில்லாது. தேர்வுக் கூடத்திற்கும், நேர்காணலுக்கும், அதிகாரியின் மேசைக்கும் உடன் வரும்.

இக்கலைக்கு இன்று மதிப்பும் கூடியுள்ளது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் அது உண்டு. ஆதலின் இதனை வீண் ஆட்டம் என்று பெற்றோர் எண்ண வேண்டா.

ஒடுக்கப்பட்ட மக்கள் தம் உடலைத் தாமே மீட்டுக்கொண்ட வரலாறு பிற நாடுகளிலும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசில் நாட்டிற்கு அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட மக்கள், ஆட்டமும் இசையும் தற்காப்பும் கலந்த கப்போயிரா என்னும் கலையை வளர்த்தனர். 1890ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் அதனைக் குற்றமென்றது. அவர்கள் கைவிடவில்லை. 1930களில் அது மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது. 2014இல் யுனெஸ்கோ அதனை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. குற்றம் என்று பழிக்கப்பட்டது உலகத்தின் சொத்தாயிற்று.

மருத்துவமும் இதற்குச் சான்று பகர்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 156 மனச்சோர்வு நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 1999இல் வெளியாயிற்று. 16 வாரங்களின் முடிவில், முறையாக உடற்பயிற்சி செய்தோரும் மருந்து உண்டோரும் ஏறத்தாழ ஒரே அளவு நலம் பெற்றிருந்தனர். மருந்து தொடக்கத்தில் சற்று விரைந்து வேலை செய்தது. வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்களும், 5 முதல் 17 வயதுவரை உள்ளோர் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடங்களும் உடலை இயக்க வேண்டும் என்பது உலக நல நிறுவனம் 2020இல் வகுத்த நெறி.

இனிச் செயல்முறை. முதலில் ஐந்து முதல் பத்து நிமிடம் மெல்ல ஓடியோ விரைந்து நடந்தோ உடலைச் சூடாக்குக. பின்னர் இருபது நிமிடம் காலடியும் கம்பும். கம்பு இல்லாதார் தண்டாலும் பஸ்கியும் தத்தம் ஆற்றலுக்கேற்பச் செய்க. இறுதியாகக் கழுத்து, தோள், இடுப்பு, தொடையின் பின்புறம், கெண்டைக்கால் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீட்டுக. ஒவ்வொரு நிலையிலும் 15 முதல் 30 நொடி அசையாது நிற்க, வெட்டி வெட்டி இழுத்தல் கூடாது, வலித்தால் நிறுத்துக. மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல வெளியே விடுக. வேலை முடிந்து களைத்து வரும் தாய்மார்களுக்குக் கடைசிப் பகுதி மட்டுமே போதும். பத்து நிமிடம் தம் முதுகுக்கென்று ஒதுக்குவது குற்றமன்று.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். கம்பு பிடித்த இளைஞனின் கோபம் குறைய வேண்டும். வளர்ந்தால் அவன் கற்றது கலையன்று. நம் பிள்ளை கம்பெடுத்தால் கலவரம் என்றும், பிறர் பிள்ளை எடுத்தால் வீரம் என்றும் பார்க்கும் கண்கள் இன்னும் உள்ளன. ஆகவே ஆசானின் முன்னிலையில், பொதுவிடத்தில், பகல் வெளிச்சத்தில் பயிலுங்கள். மறைக்க வேண்டியது நம்மிடம் ஒன்றும் இல்லை. இதயநோய் உள்ளோரும் முதியோரும் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. மனநோய்க்கு மருந்து உண்போர் தாமாக நிறுத்தலாகாது. வாரக்கணக்கில் உறக்கமின்மை நீடித்தாலோ, வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் எழுந்தாலோ, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடுங்கள். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணிலும், 104 என்னும் எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். உதவி கேட்பது கோழைத்தனம் அன்று.

நிறைவாகச் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம் மாலை வகுப்பின் நேரத்தில் அரைமணியை மைதானத்திற்குத் தாருங்கள். ஓர் ஆசானை அமர்த்துங்கள். பெண் பிள்ளைகளுக்கு முதல் வரிசையில் இடம் கொடுங்கள். குனிந்து நடக்கும்படி அதிகம் கற்பிக்கப்பட்டவர்கள் அவர்களே. மூங்கில் கம்பிற்குப் பெருஞ்செலவு இல்லை. நெற்றி உயரம் இருந்தால் போதும்.

இளைஞர்களே! இன்று மாலை விழா முடிந்ததும் கொட்டகை பிரிக்கப்படும். இந்த இடம் வெறும் மைதானமாகும். நாளை விடியற்காலை ஐந்தரை மணிக்கு அங்கே நாம் இருப்போம். ஐம்பதைக் கடந்த நம் முழங்கால்களும் உங்களோடு காலடி பழக வரும். கம்பு இருப்போர் கம்போடு வருக. இல்லாதோர் வெறுங்கையோடு வருக.