மருந்துக்குப் பழகுவது எது?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியர்க்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். எம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு முழங்காலிற் கட்டி எழுந்தது. அவன் தமையனுக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரைகளுள் மூன்றை வீட்டார் கொடுத்தனர். கட்டி வற்றிப் பத்தாம் நாள் மீண்டெழுந்தது. ஆஸ்பத்திரியிற் சீழைச் சோதித்தவர்கள், வழக்கமான மருந்துக்கு இஃது அடங்காது என்றனர். பையன் பதினெட்டு நாள் படுக்கையிற் கிடந்து பிழைத்தான். "உடம்புக்கு மருந்து பழகிவிட்டது போலும்" என்றார் தந்தையார். அச்சொல்லே எம்மை இப்பொருளை ஆராயத் தூண்டிற்று.

அக்கிருமியின் பெயர் ஸ்டாபிலோகாக்கஸ். ஸ்காட்லாந்து தேசத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்பார், நுண்ணோக்கியில் இது கொத்தாய்த் தோன்றியது கண்டு, திராட்சைக் குலை என்னும் கிரேக்கச் சொல்லால் 1882-இல் இப்பெயரிட்டார். காரணப் பெயர் என்க. மக்களுட் பத்தில் மூவர்க்கு மூக்கினுள் இது தீங்கின்றிக் குடியிருக்கிறது. தோல் கிழிந்த வழியே உட்புகுங்காலே பகையாகிறது.

1928-இல் இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங், இக்கிருமியை வளர்த்த தட்டிலேதான் ஒரு பூஞ்சணம் படிந்து சுற்றிலுமிருந்த கிருமிகளை அழித்ததைக் கண்டார். பெனிசிலின் பிறந்த வரலாறு இதுவே. கிருமி தன் புறச்சுவரைக் கட்டுகையில் அம்மருந்து கொத்தன் கையைப் பிடித்துக்கொள்கிறது. சுவர் குறைந்த கிருமி வெடித்து மாள்கிறது. ஆனால் சில கிருமிகள் மருந்தையே வெட்டும் நொதியொன்றைச் சுரந்தன. 1940-களின் இறுதிக்குள் ஆஸ்பத்திரிகளில் அத்தகையன பெருகின. அவ்வெட்டுக்கு அகப்படாத மெதிசிலின் இங்கிலாந்தில் ஆக்கப்பெற்றது. 1961-இலேயே அதற்கும் அடங்காத கிருமிகளை அந்நாட்டுப் பாட்ரீசியா ஜெவன்ஸ் அம்மையார் அறிவித்தார். இம்முறை கிருமி மருந்தை வெட்டவில்லை; மருந்தின் பிடிக்குள் வராத வேறொரு கொத்தனை அமர்த்திக்கொண்டது! இன்று மெதிசிலினை மருத்துவர் கொடுப்பதில்லை. ஆயினும் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று கிருமியை அழைக்கும்போது, முதலெழுத்தாய் நிற்பது அம்மருந்தின் பெயரே.

போர்னியோத் தீவின் மண்ணிலிருந்து கிடைத்த வான்கோமைசின் என்னும் மருந்தை இரத்தக் குழாய் வழியே ஏற்றி இப்போது பலரைக் காக்கின்றனர். அதையும் முற்ற எதிர்த்த கிருமி 2002-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வெளிப்பட்டது.

இனி அத்தந்தையார் சொல்லுக்கு வருவோம். மருந்துக்குப் பழகுவது உடம்பன்று, கிருமியே. மருந்து மெலிந்த கிருமிகளைக் கொன்றொழிக்க, அடங்காதவை அவ்விடத்தையும் பிடித்துப் பெருகுகின்றன. பயிரைப் பிடுங்கிக் களையை விட்டதை ஒக்கும். இரு மாதங் கழித்து அம்மாணவனின் தங்கைக்கும் கட்டி எழுந்தது. அவள் சீழிலும் அதே கிருமி. அவளோ அம்மாத்திரையைக் கண்ணாலுங் கண்டவளல்லள்.

பிளெமிங் 1945-இல் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், தொண்டை நோவுக்குப் பெனிசிலினைக் குறைய உண்ட கணவன் ஒருவனைக் கற்பனையாகச் சொன்னார். அவனிடமிருந்து தொற்றிய கிருமி மருந்துக்கு அடங்காமையால் இறந்தவள் மனைவி. கதையில் வந்தது வேறு கிருமி; நீதி ஒன்றே.

சிறு கட்டியாயின் மருத்துவர் கீறிச் சீழை வடித்தலே பெரும்பாலும் போதும். சளிக்கு இம்மருந்துகள் சிறிதும் பயன்படா. வலிய மருந்துகள் சிலவற்றை விற்போர் தனிப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பது 2014 முதல் நம் நாட்டுச் சட்டம். கடைக்காரர் சீட்டுக் கேட்டால் சினவற்க. புண்ணைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுக. ஒருவர் துவாலையை மற்றவர் எடுத்தலாகாது.

அடுத்த கூட்டத்திற்கு நம்மவருள் மருத்துவராயிருக்கும் ஒருவர் வர இசைந்துள்ளார். அலமாரியிற் கிடக்கும் மாத்திரை அட்டைகளைக் கொணர்ந்து அவரிடம் காட்ட வேண்டுகிறோம்.