அவையுள் புகுந்தும் தன் குரல் இழவாதான்

(நாடகம் எழுதப் புகும் இளைஞர்களுக்காக ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துப்படி)



பாவலன் ஒருவன் தனியே அமர்ந்து பாப் புனையலாம்; அது கேட்பாரின்றியும் ஏட்டில் வாழும். நாடகம் அத்தகையதன்று. தாளில் இருக்கும்வரை அது நாடகத்தின் விதையே. நடிகன் வாய் திறந்து அதைப் பேசி, அவையோர் செவிமடுத்து, சிரிப்பதோ கண் கலங்குவதோ நிகழும்போதுதான் அது நாடகமாகின்றது. எனவே நாடகம் எழுதப் புகுவோன் எவனும் என்றேனும் ஒருநாள் தன் அறையை விட்டு வெளியே வந்தாக வேண்டும். தன் எழுத்தைப் பிறர் நாவிலும் பிறர் செவியிலும் ஒப்படைத்தாக வேண்டும்.

இதற்கெனவே பல நாடுகளில் புதிய நாடக எழுத்தாளர்களை வளர்த்தெடுக்கும் குழுக்கள் அமைந்துள்ளன. அவற்றில் சேரலாமா என்னும் வினா எழும்போது இளைஞர் உள்ளத்தில் இரண்டு அச்சங்கள் தோன்றுகின்றன. 'என்னை ஏற்பார்களோ, தள்ளுவார்களோ?' என்பது ஒன்று. 'ஏற்றுக்கொண்டால் என் குரலை எனக்கு மீதி வைப்பார்களோ?' என்பது மற்றொன்று. முன்னது சிறிய அச்சம்; பின்னதே பெரியது. இவ்விரண்டு அச்சங்களையும் கடந்து நின்ற ஒருவரின் வாழ்க்கை இங்கு எண்ணிப் பார்க்கத் தக்கது. அவர் அமெரிக்கக் கருப்பின மக்களின் பெரும் நாடக எழுத்தாளரான ஆகசுடு வில்சன்.

வில்சன் 1945ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்சுபர்க்கு நகரில், 'இல்' என்று வழங்கும் மேட்டுப் பகுதியில் பிறந்தார். தாய் தெய்சி வில்சன் கருப்பினத்தவர். வீடுகளைத் துப்புரவு செய்து பிள்ளைகளை வளர்த்தவர். தந்தை செருமன் மொழி பேசிய குடியேறி, அடுமனைத் தொழிலாளி. பதினைந்தாம் அகவையில் வில்சன் நெப்போலியனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 'இதை நீ எழுதியிருக்க முடியாது. எங்கோ பார்த்து எழுதினாய்' என்றார் ஆசிரியர். தன் எழுத்தைத் தன்னுடையதென்று மெய்ப்பித்துக் காட்ட வேண்டிய இழிநிலையை அச்சிறுவன் ஏற்கவில்லை; பள்ளியை விட்டு வெளியேறினான். அதன்பின் அவனுக்குப் பள்ளியும் கல்லூரியும் ஆனது கார்னகி பொது நூலகமே. தந்தை மறைந்த 1965ஆம் ஆண்டில், 20 தாலருக்கு ஒரு தட்டச்சுப்பொறி வாங்கி, தாயின் குடும்பப் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டு, எழுத்தே வாழ்வெனத் துணிந்தார்.

துணிவு இருந்தது, மொழி இன்னும் கைவரவில்லை. இதைத்தான் நம் இளைஞர்கள் ஊன்றி நோக்க வேண்டும். தொடக்கக் காலத்தில் அவர் எழுதிய பாக்களில் வேல்சு நாட்டுப் பாவலர் திலன் தாமசின் சாயல் படிந்திருந்தது. தெருவில், தேநீர்க்கடையில், முடிதிருத்தும் நிலையத்தில் தம் மக்கள் பேசிய பேச்சை அவர் நாளும் கேட்டார். ஆயினும் அப்பேச்சை அப்படியே எழுதினால் அது கலையாகாது, அதை மாற்றித் திருத்தி உயர்த்தினால்தான் கலையாகும் என்று கருதினார். ஆளும் இனத்தின் மொழிநடையே உயர்ந்தது, ஆளப்படும் இனத்தின் மொழிநடை தாழ்ந்தது என்னும் எண்ணம் அடக்கப்பட்டோர் உள்ளத்திலேயே எத்துணை ஆழமாக வேரூன்றிவிடுகின்றது, பாருங்கள்! விலங்கைக் கையில் பூட்டினால் கண்ணுக்குத் தெரியும். நாவில் பூட்டினால் பூட்டப்பட்டவனுக்கே தெரியாது.

1968இல் இராபு பென்னி என்னும் நண்பருடன் சேர்ந்து அவர் பிட்சுபர்க்கில் ஒரு கருப்பின நாடக அரங்கைத் தொடங்கினார். 'உம் நாடக மாந்தரை எவ்வாறு பேச வைக்கின்றீர்?' என்று பென்னியை அவர் வினவினாராம். பேச வைப்பதன்று, அவர்கள் பேசுவதைக் கேட்பதே வழி என்பது பென்னி தந்த விடையின் கருத்து. எளிய விடைதான், ஆனால் அது வில்சனுக்குள் இறங்கப் பத்தாண்டுகள் சென்றன. 1978இல் அவர் மின்னசோட்டா மாநிலத்துச் செயிண்டு பால் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அறிவியல் அருங்காட்சியகத்தில் சிறு நாடகங்கள் எழுதும் வேலை பார்த்தார். தம் மக்கள் குரல் நாள்தோறும் செவியில் விழாத அந்தத் தொலைவில்தான், பிட்சுபர்க்கின் குரல்கள் அவருக்குத் தெளிவாகக் கேட்கத் தொடங்கின. தாய்மொழி காற்றைப் போன்றது. அதனுள் இருக்கும்போது உணர்வதில்லை. அது குறையும்போதுதான் மூச்சுத் திணறுகின்றது.

1979இல் அவர் மீன் உணவுக் கடை ஒன்றில் அமர்ந்து பத்தே நாளில் 'சிட்னி' என்னும் நாடகத்தை எழுதினார். சிட்னி என்பது இங்கே ஊர்ப்பெயர் அன்று. பிற வாடகை வண்டிகள் கருப்பர் வாழும் பகுதிக்குள் வர மறுத்தபோது, அம்மக்களே உரிமமின்றி ஓட்டிய வாடகை உந்துகளுக்கு அப்பெயர் வழங்கியது. அவ்வோட்டுநர்கள் தம் நிலையத்தில் அமர்ந்து பேசும் பேச்சே அந்நாடகம். அதில் வில்சன் தம் மக்களின் மொழியைத் திருத்தவில்லை, கேட்டு எழுதினார்.

அந்நாடகத்தைக் கொண்டு 1980இல் மினியாபொலிசு நகரின் நாடக எழுத்தாளர் நடுவத்தில் அவருக்கு ஓர் உதவித்தொகை கிடைத்தது. அந்நடுவம் 1971இல் தொடங்கப்பெற்றது. தொகை சிறியதே, ஆனால் அங்கே அவர் பெற்றது தொகையினும் பெரிது. பிற நாடக எழுத்தாளர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்டபோதுதான், தாமும் ஒரு நாடக எழுத்தாளர் என்னும் எண்ணம் முதன்முதலாகத் தமக்கு வந்தது என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 'இதை நீ எழுதியிருக்க முடியாது' என்று ஒரு பள்ளி அறையில் தூக்கி எறியப்பட்ட சிறுவனுக்கு, 'நீயும் எங்களுள் ஒருவன்' என்னும் சொல் இருபது ஆண்டு கழித்துக் கிடைத்தது! ஒரு குழு செய்யத்தக்க முதற்கடமை இதுவே. எழுத்தைத் திருத்துவது பின்னர். எழுதுவோனை எழுத்தாளனாக ஏற்பது முன்னர்.

இனி, தள்ளப்படும் அச்சத்துக்கு வருவோம்.

கனெக்டிகட்டு மாநிலத்தில், வாட்டர்போர்டு என்னும் கடற்கரை ஊரில், யூசின் ஓநீல் பெயரால் 1964இல் ஒரு நாடக நடுவம் நிறுவப்பெற்றது. தீயணைப்புப் படையினரின் பயிற்சிக்காக எரிக்கப்படவிருந்த ஒரு பழைய மாளிகையைக் காத்து அதில் அந்நடுவத்தை அமைத்தனர். 1965 முதல் ஒவ்வொரு கோடையிலும் அங்கே புதிய நாடக எழுத்தாளர் மாநாடு கூடுகின்றது. நாடெங்குமிருந்து எழுத்துப்படிகள் வந்து குவியும். அவற்றுள் மிகச் சிலவே தேர்ந்தெடுக்கப்பெறும்.

வில்சன் 'சிட்னி'யை அனுப்பினார், திரும்பி வந்தது. யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்றெண்ணி அதையே மறுமுறையும் அனுப்பினார்; மறுமுறையும் திரும்பி வந்தது. வேறு நாடகங்களும் அவ்வாறே திரும்பின. பிறராயின் 'கருப்பன் என்பதால் தள்ளினர்' என்று கசந்து ஒதுங்கியிருப்பர். அல்லது 'என் மொழிதான் குறை' என்று தம் மொழியைக் கைவிட்டிருப்பர். வில்சன் இரண்டும் செய்யவில்லை. இதனினும் சிறந்த நாடகம் எழுத வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார். மொழியை மாற்றவில்லை, உழைப்பைப் பெருக்கினார். 1976இல் தொடங்கிக் கிடப்பில் போட்டிருந்த ஒரு நாடகத்தைக் கையிலெடுத்தார். அதில் முன்பு பாடகி மட்டுமே இருந்தாள். இப்போது அவளுக்கு இசைக்கும் கருவியாளர்களும் தம் கதைகளோடு உள்ளே வந்தனர். நாடகம் விரிந்தது. 'மா இரெய்னியின் பிளாக்கு பாட்டம்' என்னும் அந்நாடகம் 1982இல் ஏற்கப்பெற்றது.

அம்மாநாட்டின் தலைமை இயக்குநர் இலாயிடு இரிச்சர்ட்சு. 1968 முதல் 1999 வரை அப்பொறுப்பில் இருந்தவர்; இலோரெயின் ஆன்சுபெரி எழுதிய 'எ இரெய்சின் இன் த சன்' நாடகத்தை 1959இல் பிராடுவேயில் இயக்கியவர். அவரும் கருப்பினத்தவரே. அவர் அங்கே பேணிய முறை எளியது. ஒப்பனை இல்லை, முழுமையான காட்சியமைப்பு இல்லை, நடிகர்கள் எழுத்துப்படியைக் கையில் வைத்துக்கொண்டே நடிப்பர். ஒருமுறை நடித்தபின் பார்த்தோர் தம் கருத்துகளைக் கூறுவர். எழுதியவர் இரவோடிரவாகத் திருத்துவார். திருத்தியது மீண்டும் நடிக்கப்பெறும். பளபளக்கும் உடையும் விளக்கும் இல்லாதபோது நாடகத்தின் எலும்பு தெரிந்துவிடும். எங்கே உயிர் இருக்கின்றது, எங்கே வெற்றுரை நீள்கின்றது என்பதை எழுதியவனின் செவியே அவனுக்குச் சொல்லிவிடும்.

இரிச்சர்ட்சு விடை கூறுபவராக அன்றி வினவுபவராகவே பெயர் பெற்றவர். நல்லாசானுக்கும் வெறும் மேலாளனுக்கும் உள்ள வேறுபாடு இதுவன்றோ? மேலாளன் 'இப்படி எழுது' என்பான், அவ்வெழுத்து அவனுடையதாகிவிடும். ஆசான் 'இவள் ஏன் இதைச் சொல்கின்றாள்?' என்பான், விடை தேடுவோன் தன் நாடகத்துக்குள் இன்னும் ஆழமாக இறங்குவான்.

அந்நாடகத்தின் பொருளைச் சிறிது கேளுங்கள். 1927; சிகாகோ நகரின் ஒலிப்பதிவுக்கூடம். பாடகி கருப்பினத்தவள், கூடத்தின் உடைமையாளர் வெள்ளையர். அவர்களுக்கு அவள் வேண்டா. அவள் குரல் மட்டுமே வேண்டும். அவளோ திக்கிப் பேசும் தன் உறவினன் சில்வெசுடரே பாட்டின் முன்னுரையைச் சொல்ல வேண்டும் என்று நிற்கின்றாள். காலம் வீணாகின்றது, தட்டு வீணாகின்றது என்கின்றனர் உடைமையாளர். அவள் அசையவில்லை. பலமுறை தடுமாறியபின் அவன் திக்காமல் சொல்லி முடிக்கின்றான். அதே நாடகத்தில் இலெவி என்னும் ஊதுகொம்புக் கலைஞன் தன் பாட்டுகளை உடைமையாளரிடம் நம்பிக் கொடுக்கின்றான். அவர்களோ அவற்றை மலிவு விலைக்கு வாங்கிக்கொண்டு அவனைக் கைவிடுகின்றனர். அந்தச் சினம் அவர்கள்மேல் பாய வழியின்றித் தன் தோழன்மேலேயே கத்தியாய்ப் பாய்கின்றது. தன் குரலைத் தன் கையிலேயே வைத்திருந்தவள் நிமிர்ந்து செல்கின்றாள். குரலை ஒப்படைத்தவன் அழிகின்றான். புதிய எழுத்தாளர் குழுவுக்குள் புகும் எவனுக்கும் இதனினும் பெரிய பாடம் உண்டோ?

அந்நாடகம் 1984இல் யேல் நாடக அரங்கிலும், அதே ஆண்டு அக்தோபரில் பிராடுவேயிலும் அரங்கேறியது. 1983இல் வாட்டர்போர்டில் படிக்கப்பெற்ற 'வேலிகள்' 1987இல் புலிட்சர் பரிசு பெற்றது. 'பியானோப் பாடம்' 1990இல் அப்பரிசை மறுமுறை பெற்றுத் தந்தது. இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாகப் பத்து நாடகங்கள் எழுதி, தம் இனத்தின் நூறாண்டு வாழ்வை மேடையில் நிறுத்தினார் வில்சன். அவற்றுள் ஒன்பது அவர் பிறந்த பிட்சுபர்க்கிலேயே நிகழ்கின்றன. 2005ஆம் ஆண்டு அக்தோபர் 2ஆம் நாள் அவர் மறைந்தார். அதே திங்களில் பிராடுவே அரங்கு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் கூடாது. எல்லாக் குழுக்களும் நற்குழுக்கள் அல்ல. பத்துப் பேர் பத்துக் கருத்துச் சொல்ல, பத்தையும் ஏற்று, கூரெல்லாம் மழுங்கிக் கூழாங்கல்லாய்ப் போன நாடகங்கள் உண்டு. படிப்பு, மறுபடிப்பு, மீண்டும் படிப்பு என்று ஆண்டுகள் ஓடி, மேடையே காணாமல் முடிந்த நாடகங்களும் உண்டு. குழுவே இறுதி இலக்கு எனக் கருதினால் அது நாற்றங்காலிலேயே நின்று முதிர்ந்த நாற்றாகிவிடும், வயலுக்குப் பயன்படாது. வில்சனும் இதை உணர்ந்திருந்தார். தம் மக்களுக்குத் தம்முடைய அரங்குகள் வேண்டும் என்று 1996இல் பிரின்சுடன் நகரில் ஆற்றிய உரையில் முழங்கினார். நாட்டின் பெரிய வட்டார அரங்குகள் 66 இருந்தும் அவற்றுள் கருப்பினத்தார் அரங்கு ஒன்றே என்பதை அவ்வவையில் எடுத்துக் காட்டினார். பிறர் மேடையில் புகழ் பெற்றபின்னும் தம் இனத்துக்கு மேடை இல்லை என்பதை அவர் மறக்கவில்லை.

எனவே, ஒரு குழுவில் சேரப் புகும் இளைஞன் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்க்க வேண்டும். இக்குழு என் நாடகத்தை நடிகர் வாயால் எனக்குக் கேட்பிக்குமா? இங்குள்ளோர் கட்டளையிடுவோரா, வினவுவோரா? இங்கிருந்து மேடைக்குச் செல்ல வழி உண்டா? இம்மூன்றுக்கும் விடை நன்றாயின் தயங்காமல் சேர்க. அதன்பின் தன்னையும் ஒரு வினா கேட்டுக்கொள்க: 'நான் எதைத் திருத்த ஒப்புவேன்? எதை ஒருபோதும் ஒப்பேன்?' காட்சியின் நீளத்தைத் திருத்தலாம், அமைப்பை மாற்றலாம், பிடித்த உரையாடலையும் வெட்டி எறியலாம். தன் மக்களின் குரலை மட்டும் விற்றல் ஆகாது. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாதவன் ஒன்று செருக்கால் கெடுவான். அன்றி அடிமைத்தனத்தால் கெடுவான்.

இருமுறை திருப்பி அனுப்பப்பெற்ற அந்தச் 'சிட்னி' என்னவாயிற்று என்று கேட்கத் தோன்றுமே! வில்சன் அதைத் தூக்கி எறியவில்லை. 1996இல் மீண்டும் எடுத்து விரித்தெழுதினார். அவர் மறைந்து பதினோர் ஆண்டுகள் சென்றபின், 2017இல், பிராடுவே மேடையில் அது ஏறியது. சிறந்த மறு அரங்கேற்றத்துக்கான டோனிப் பரிசையும் பெற்றது. பிட்சுபர்க்கு மேட்டுப் பகுதியின் வண்டியோட்டிகள், எவர் திருத்தமும் கலவாத தம் சொந்தப் பேச்சில், நியூயார்க்கு நகர அரங்கு நிறைந்த மக்களிடம் பேசினர். மக்கள் கேட்டனர்.

எழுதுங்கள், இளைஞர்களே! எழுதியதை அவையில் வையுங்கள். அவை சொல்வதைக் கேளுங்கள். அதற்கு முன்னும் பின்னும் உங்கள் மக்கள் சொல்வதைக் கேளுங்கள்.