தனியாக இருக்கும் அம்மாவுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

அப்பா காலமாகி வருஷ திதியும் முடிந்துவிட்டது. அடுத்து வருவது தீபாவளி. துபாயிலிருந்தோ சென்னையிலிருந்தோ, ஏன், இதே பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு அடுக்குமாடியிலிருந்தோ பிள்ளை ஃபோன் செய்கிறார். "உனக்கு என்னம்மா வேணும்?" அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ தனியாக இருக்கும் அம்மா, "எனக்கு எதுக்குப்பா? இருக்கறதே போதும். நீங்க ஒரு நடை வந்துட்டுப் போனா அதுவே எனக்கு" என்கிறார். பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பட்டுப் புடவை வாங்குகிறார். அது பீரோவுக்குள் போகிறது. அங்கே ஏற்கெனவே மடிப்புக் கலையாத புடவைகள் நிறைய இருக்கின்றன.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். ஓரிரண்டு நாள் கூடத் தங்கிப் பாருங்கள். அவர்கள் கை எதைப் பிடிக்கிறது, கால் எங்கே தயங்குகிறது, எந்த வேலையைப் பெருமூச்சோடு செய்கிறார்கள் என்று கவனியுங்கள். என்ன வாங்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

குளியலறையில் துண்டு போடும் கம்பி லேசாக ஆடுகிறதா? எழுந்திருக்கும்போது அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கம்பி துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது. பிளம்பரைக் கூப்பிட்டு, சுவரில் துளை போட்டு, நல்ல ஸ்டீல் கைப்பிடி இரண்டு பொருத்துங்கள். ஒன்று கமோடு பக்கம், இன்னொன்று குளிக்கும் இடத்தில். டைல்ஸில் அமுக்கி ஒட்டவைக்கும் கைப்பிடிகளும் கடையில் கிடைக்கின்றன. அவை ஈரச் சுவரில் எந்த நேரம் கழன்றுகொள்ளும் என்று சொல்ல முடியாது, அவற்றை நம்ப வேண்டாம். கூடவே, ஆள் நடந்தால் தானாக எரியும் சின்ன விளக்கு ஒன்றைப் படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் வழியில் வையுங்கள். குளியலறைத் தாழ்ப்பாளையும் பாருங்கள். வெளியிலிருந்து திறக்க வழியில்லாத தாழ்ப்பாள் என்றால் மாற்றிவிடுங்கள். உள்ளே விழுந்தவரை வெளியே கொண்டுவரக் கதவை உடைக்க நேர்ந்த வீடுகள் உண்டு.

பெங்களூரில் தனி வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு பாடு, தண்ணீர். இந்த ஊருக்குக் காவிரி ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேறி வருகிறது. ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனாலும் பல தெருக்களில் குழாயில் தண்ணீர் வருவது ஒருநாள் விட்டு ஒருநாள்தான், அதுவும் வேளைகெட்ட வேளையில். முதலில் அது சம்ப் என்கிற தரைக்கடித் தொட்டியில் விழ வேண்டும். பிறகு மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். தொட்டி நிறைந்து வழிகிறதா என்று வாசலில் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். இத்தனை நாளாக அப்பா பார்த்துவந்த வேலை இது. இப்போது எழுபது வயது அம்மா இருட்டில் மோட்டார் சுவிட்சைத் தேடுகிறார். தொட்டி குறைந்தால் தானே ஓடி, நிறைந்தால் தானே நிற்கிற தானியங்கிக் கருவியை எலக்ட்ரீஷியன் ஒரு பொழுதில் பொருத்திவிடுவார். சம்ப் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் வசதியும் அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இதைவிட நல்ல தீபாவளிப் பரிசு எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு ராத்திரித் தூக்கம் திரும்பக் கிடைக்கும்.

புடவையே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்குகிற விதம்தான் என்னை வருத்துகிறது. கணவரை இழந்தவர் என்றதும் கடையில் நம் கை சாம்பல் நிறத்துக்கும் வெளிறிய சந்தன நிறத்துக்கும் போய்விடுகிறது. அம்மாவுக்கு மயில்கழுத்து நிறம் பிடிக்கும் என்று சின்ன வயதிலிருந்து நமக்குத் தெரியும். அப்பா போனதால் அந்த ஆசையும் போய்விட வேண்டுமா? அதே நிறத்தில், உடம்பை உறுத்தாத சின்னாளப்பட்டி சுங்குடி ஒன்று எடுத்துக்கொடுங்கள். உடுத்துவதும் உடுத்தாததும் அவர் இஷ்டம். பூவும் பொட்டும் அப்படித்தான். வைத்துக்கொள் என்று வற்புறுத்தவும் வேண்டாம், சொந்தக்காரர் யாராவது முகம் சுளித்தால் நாம் வாய்மூடி நிற்கவும் வேண்டாம்.

உடையில் இன்னொன்று. வீட்டில் நைட்டி போடுகிறவர் என்றால் பாக்கெட் வைத்த நைட்டி தைத்துக்கொடுங்கள். செல்ஃபோன் ஹாலில் கிடக்க, ஆள் சமையலறையில் வழுக்கி விழுந்தால் அந்த ஃபோனால் என்ன பயன்? பாக்கெட் இருந்தால் ஃபோன் அவரோடு நடமாடும். தெருமுனைத் தையற்காரர் செய்கிற வேலைதான், ஆனால் உயிர் காக்கும் வேலை.

மனைவியை இழந்த அப்பாக்களைப் பற்றி நாம் பேசுவது குறைவு. எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ. என்று அரசு ஆலைகளில் ஷிப்ட் பார்த்துக் குடும்பத்தைக் கரையேற்றிய தலைமுறை அது. மனைவி கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார்களே தவிர, அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. தனியாளான பிறகு பிஸ்கட்டிலும் தர்ஷினியில் நின்றுகொண்டே தின்கிற இட்லியிலும் நாளை ஓட்டுகிறார்கள். இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று வாங்கிக்கொண்டு போய், அவரோடு அடுப்படியில் நில்லுங்கள். ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு தண்ணீர், எத்தனை விசில் என்று சேர்ந்தே செய்துபாருங்கள். ரசமும் முட்டைப் பொரியலும் கைவந்துவிட்டால் பாதி வாரம் ஓடிவிடும். டிகாக்‌ஷன் போடக் கற்றுக்கொண்ட அப்பா, பக்கத்து வீட்டுக்காரரைக் காபிக்குக் கூப்பிடத் தொடங்கிவிடுவார். பேச்சுத்துணைக்கும் அங்கே வழி பிறக்கிறது.

அடுத்து, காகிதங்கள். ஓர் ஆள் போன வீட்டில் அவர் பெயர் எங்கெங்கோ மிச்சமிருக்கும். கேஸ் இணைப்பில், மின் கட்டண ரசீதில், வங்கிக் கணக்கில், வீட்டு வரிப் பதிவான காத்தாவில். ஒவ்வொன்றையும் அம்மா பெயருக்கு மாற்ற இறப்புச் சான்றிதழின் நகல், வாரிசுகளின் சம்மதக் கடிதம், வரிசை, அலைச்சல். இரண்டு நாள் விடுப்பு எடுத்து, ஒரு கோப்பில் எல்லாவற்றையும் அடுக்கி, அம்மாவோடு ஆட்டோவில் போய் முடித்துக்கொடுங்கள். குடும்ப ஓய்வூதியம் வருகிறவர் என்றால், ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஜீவன் பிரமாண் என்கிற மின்னணுச் சான்று 2014 முதல் இருக்கிறது. இப்போது செல்ஃபோனில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம், தபால்காரரும் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொடுப்பார். மத்திய அரசு ஊழியராக இருந்தவரின் மனைவிக்கு 80 வயது நிறைந்தால் குடும்ப ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும். பதிவேட்டில் அவர் பிறந்த தேதி சரியாக இருந்தால்தான் அது சிக்கலின்றி வந்துசேரும். அதை இன்றே சரிபார்த்து வைப்பது பிள்ளை செய்யக்கூடிய காரியம்.

காத்தா மாற்றும் அந்த வேளையில் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வீட்டை உங்கள் பெயருக்கு எழுதிக்கொடுக்கச் சொல்லாதீர்கள். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்ட பிள்ளைகள் இருந்ததால்தான், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு வந்தது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்துசெய்ய அது வழிசெய்கிறது. பெற்றவர் அதற்காகத் தீர்ப்பாயத்தின் படியேறும் நிலை எந்த வீட்டுக்கும் வர வேண்டாம்.

கேமரா வைக்கலாமா என்று கேட்பவர்கள் பலர். வாசலில் வையுங்கள், யார் மணி அடிக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும். வீட்டுக்குள் வைப்பதென்றால் அவர் மனதாரச் சம்மதிக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் வைத்தால் நம் பதைபதைப்பு அடங்கும், அவருடைய வீட்டில் அவருக்கு இருக்கும் சுதந்திரம் போய்விடும். மாற்றுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்து, காலையில் ஒரு முறை ஃபோனில் பேசினாலே பெரும்பாலும் போதும்.

வெளியே போய்வரவும் வழிசெய்யுங்கள். 2023 ஜூன் முதல், கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை இருக்கும் பெண்கள் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் போகலாம். அம்மாவின் ஆதாரில் இன்னும் ஊர் முகவரியே இருந்தால் மாற்றிக்கொடுங்கள். அல்சூர் ஏரிப் பக்கம், 1950-இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. முதல் தடவை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். தெரியாத இடத்துக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருக்கும். கண் ஒத்துழைக்காதவர்களுக்குப் பாட்டு. பழைய பாடல்கள் நிரப்பிய கேரவான் பெட்டி தமிழிலும் கிடைக்கிறது, குமிழைத் திருப்பினால் பாடும். டிவி சத்தம் தெருவரை கேட்கிறது என்றால் மட்டும் பாட்டுப்பெட்டி வாங்கும் முன் காது டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

காசு செலவில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளை அட்டை, தடித்த ஸ்கெட்ச் பேனா. கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதி, ஃபோன் சார்ஜ் போடும் இடத்துக்கு மேலே ஒட்டுங்கள். முதலில் உங்கள் எண், பிறகு பக்கத்து வீட்டு எண். அதற்குக் கீழே 1090. இது பெங்களூரு நகரக் காவல்துறையும் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட்டும் சேர்ந்து 2002-இல் முதியோருக்காகத் தொடங்கிய உதவி எண். நாடு முழுவதற்குமான முதியோர் உதவி எண் 14567. ஆம்புலன்ஸ் 108. அவசரத்துக்குக் காவல்துறை 112. போலீஸ் என்றும் சி.பி.ஐ. என்றும் சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் தனியாக இருக்கும் பெரியவர்களைக் குறிவைக்கின்றன. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் கூப்பிட வேண்டிய எண் 1930. அதன் பக்கத்தில் இதையும் எழுதுங்கள்: 'யார் மிரட்டினாலும் ஃபோனை வை. உடனே எனக்குப் பேசு. நான் திட்ட மாட்டேன்.'